ஏர்சென்ஸ் 11: குறட்டையும் சர்க்கரையும் சேர்ந்தே இருப்பவர் வாங்கலாமா?

ரெஸ்மெட் நிறுவனத்தின் ஏர்சென்ஸ் 11 ஆட்டோசெட், தூக்கத்தில் தொண்டை ஒட்டிக்கொண்டு மூச்சு நின்று நின்று வருபவர்களுக்கான சிபாப் கருவி. எடை ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம். அறைக் காற்றை இழுத்து 4 முதல் 20 செ.மீ. நீரழுத்தம் வரை தேவைக்கேற்ப ஏற்றி இறக்கி, குழாய் வழியாக மாஸ்க்குக்கு அனுப்புகிறது. அந்த அழுத்தம் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கிறது. இது ஆக்சிஜன் மெஷின் இல்லை. உள்ளே மருந்தும் இல்லை. தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரப் பக்கம் பல வீடுகளில் அப்படி நினைத்துக்கொண்டு பெரியவர்கள் பயப்படுகிறார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

எங்கள் மதிப்பீடு: கருவி தரமானது, சத்தம் மிகக் குறைவு, தென்னாப்பிரிக்காவின் கடற்கரைக்கும் மேட்டுநிலத்துக்கும் ஒத்துவருகிறது. ஆனால் சர்க்கரையை மனத்தில் வைத்து வாங்குபவர் விடியும்வரை அதை மாட்டியிருக்கப் போவதில்லை என்றால் பணத்துக்குப் பலன் இல்லை. விடியும்வரை மாட்டியிருக்க முடிகிறதா என்பது பெட்டியைவிட மாஸ்க்கைப் பொறுத்தது. கடையில் எல்லாரும் பெட்டியைப் பற்றியே அரைமணி நேரம் பேசுகிறார்கள், மாஸ்க்குக்கு ஐந்து நிமிடம்கூடக் கொடுப்பதில்லை.

தூக்கம் கெட்டால் சர்க்கரைக்கு என்ன ஆகும் என்பதில் இப்போது பெரிய சந்தேகம் இல்லை. 1999இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு சிறு ஆய்வில், ஆரோக்கியமான 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நாலு மணி நேரம் மட்டுமே தூங்கவிட்டார்கள். ரத்தத்திலிருந்து குளுக்கோஸ் இறங்கும் வேகம், அவர்கள் நன்றாகத் தூங்கியபோது இருந்ததைவிட சுமார் 40 சதவீதம் குறைந்தது. உயிராபத்து பற்றிய கணக்கு 2021இல் பிரிட்டனின் பயோபேங்க் என்ற பெரிய உடல்நலத் தரவுத் தொகுப்பிலிருந்து வந்தது. ஏறத்தாழ 5 லட்சம் பேரைச் சராசரியாக 8.9 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். சர்க்கரையும் இல்லை, தூக்கக் குறையும் இல்லை என்பவர்களோடு ஒப்பிட்டால், அடிக்கடி தூக்கம் கெடுபவர்கள் அந்தக் காலத்துக்குள் இறக்கும் வாய்ப்பு 11 சதவீதம் கூடுதல். சர்க்கரை மட்டும் உள்ளவர்களுக்கு 67 சதவீதம். இரண்டும் சேர்ந்தவர்களுக்கு 87 சதவீதம்.

இதில் வாங்குபவர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தூக்கம் வரச் சிரமமா, நடு இரவில் விழிக்கிறீர்களா என்றுதான் அந்த ஆய்வில் கேட்டார்கள். தூக்கமின்மையா, மூச்சடைப்பா என்று பிரித்துப் பார்க்கவில்லை. ஏர்சென்ஸ் சரிசெய்வது மூச்சடைப்பை மட்டும். எனவே பரிசோதனை இல்லாமல் இந்தக் கருவியை வாங்குவது வீண்.

வீட்டிலேயே செய்யும் ஓர் இரவுப் பரிசோதனை பெரும்பாலோருக்குப் போதும். மூக்கில் ஒரு மெல்லிய குழாய், மார்பில் ஒரு பட்டை, விரலில் ஆக்சிஜன் கிளிப். கெட்டுப்போகும் இடங்கள் தெரிந்தவைதான்: நகப்பூச்சு, அடர்ந்த மருதாணி, நீண்ட நகம் இருந்தால் கிளிப்பின் அளவு நம்பத்தகுந்ததாக இராது, மூக்குக் குழாய் கழன்றால் அந்த நேரம் முழுதும் போச்சு. பதிவு குறைந்தது நாலு மணி நேரமாவது சுத்தமாக இருக்க வேண்டும். வீட்டுக் கருவி மூளை அலைகளைப் பார்ப்பதில்லை. நீங்கள் விழித்துக் கிடந்த நேரத்தையும் தூக்கமாகவே கணக்கிட்டு வகுத்துவிடும். அதனால் மணிக்கு எத்தனை தடவை மூச்சு நின்றது என்ற எண் உண்மையைவிடக் குறைவாக வரலாம். அறிகுறிகள் பலமாக இருந்து முடிவு 'ஒன்றுமில்லை' என்று வந்தால் ஆய்வகப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

அறிக்கையில் பார்க்க வேண்டிய எண் ஏ.எச்.ஐ., அதாவது ஒரு மணி நேரத்தில் மூச்சு நின்ற, குறைந்த தடவைகள். 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமை. அமெரிக்காவின் விஸ்கான்சினில் 18 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், கடுமையான மூச்சடைப்பு உள்ளவர்கள் இறக்கும் வாய்ப்பு மூச்சடைப்பு இல்லாதவர்களைவிட மூன்று மடங்காக இருந்தது. எங்கள் பரிந்துரை: 15க்கு மேல் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். 5க்கும் 15க்கும் நடுவில் இருப்பவர், பகலில் தூங்கி விழுந்தாலோ ரத்த அழுத்தம் மாத்திரைக்கு அடங்காவிட்டாலோ வாங்கலாம். நம் மக்களுக்கு அதிகப் பருமன் இல்லாமலே மூச்சடைப்பு வருகிறது. 'நான் ஒல்லி, எனக்கு வராது' என்ற நம்பிக்கை வேண்டாம்.

இனி முக்கியமான விஷயம், மணிக்கணக்கு. கருவியைப் 'பயன்படுத்துகிறார்' என்று ஏற்றுக்கொள்ள மெடிகேர் என்ற அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடு வைத்த அளவு, ஓர் இரவுக்கு நாலு மணி நேரம், 70 சதவீத இரவுகள். இந்த நாலு மணி நேரம் உலகம் முழுதும் பரவி, விற்பவர் வாயிலும் 'நாலு மணி போதும்' என்று ஆகிவிட்டது. சர்க்கரைக்கு அது போதாது. கனவு வரும் தூக்கம், அதாவது ரெம், பெரும்பங்கு இரவின் பின்பாதியில்தான் வருகிறது. அந்த நேரத்தில் தசைகள் முழுக்கத் தளர்வதால் தொண்டை அடைப்பு நீள்கிறது, ஆக்சிஜன் இன்னும் கீழே இறங்குகிறது. ஒவ்வொரு இறக்கத்துக்கும் உடல் அட்ரினலினைச் சுரக்கிறது. கல்லீரல் குளுக்கோஸை வெளிவிடுகிறது. இன்சுலினின் பேச்சைத் தசைகள் கேட்பதில்லை. விடியற்காலையில் சர்க்கரையை உயர்த்தும் கார்ட்டிசால் ஹார்மோன் தானாகவே ஏறும் நேரமும் அதுதான். பத்து மணிக்கு மாட்டி இரண்டு மணிக்குக் கழற்றி வைப்பவர், சர்க்கரைக்கு மிக மோசமான மணிகளைச் சும்மா விட்டுவிடுகிறார்.

சிபாப் போட்டால் எச்.பி.ஏ.1.சி., அதாவது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, குறையுமா என்று பார்த்த ஆய்வுகள் சில குறைந்தது என்றும், சில மாறவில்லை என்றும் சொல்வதற்கு இந்த மணிக்கணக்கு ஒரு முக்கியக் காரணம் என்று நாங்கள் கருதுகிறோம். மாரடைப்பு, பக்கவாதத்தைத் தடுக்குமா என்று 2,700க்கும் மேற்பட்டோரிடம் பார்த்து 2016இல் வெளியான 'சேவ்' ஆய்விலும் பலன் தெரியவில்லை. அதில் சராசரிப் பயன்பாடு இரவுக்கு 3.3 மணி நேரம்தான். ஆகவே 'இதை வாங்கினால் மாத்திரையை நிறுத்தலாம்' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஏழு மணி நேரம் என்று இலக்கு வையுங்கள். கருவியோடு வரும் மைஏர் செயலியும் இந்த விஷயத்தில் சரியாகவே மதிப்பெண் போடுகிறது: 100இல் 70 மதிப்பெண் மணிக்கணக்குக்கு, ஒரு மணிக்குப் பத்து வீதம்.

மாஸ்க் மூன்று வகை. மூக்குத் துளையில் மட்டும் பொருந்தும் பில்லோ வகை, மூக்கை மூடும் நேசல் வகை, மூக்கையும் வாயையும் மூடும் முழு வகை. இதே நிறுவனத்தில் முறையே பி10, என்20, எஃப்20 ஆகியவை நன்றாக விற்பவை. மீசை தாடி உள்ளவர்களுக்கு பில்லோ வகைதான் முதல் தேர்வு, முடிமேல் குஷன் உட்கார்ந்தால் காற்று கசியும். எப்போதும் வாயைத் திறந்து தூங்குபவருக்கு எடுத்த எடுப்பில் முழு மாஸ்க்கை மாட்டிவிடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. அது அவசரம். மூக்கடைப்பைச் சரிசெய்து, உப்புநீர் ஸ்ப்ரே ஒரு வாரம் அடித்த பிறகு பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். முழு மாஸ்க்கின் பரப்பு பெரிது, கசிவும் அதிகம்.

அளவு பார்க்க உட்கார்ந்து மாட்டிப் பார்ப்பது தவறு. படுத்து, வழக்கமாகத் தூங்கும் பக்கம் திரும்பி, திரையில் 'மாஸ்க் ஃபிட்' என்பதைத் தொட்டால் கருவி சோதனை அழுத்தத்தில் ஊதும். அப்போது மாஸ்க்கை முகத்திலிருந்து லேசாக இழுத்து மறுபடி உட்கார வையுங்கள். குஷன் காற்றால் உப்பித் தானே பொருந்தும். பட்டையைக் கடைசியில், இரண்டு பக்கமும் சமமாக இறுக்குங்கள். இறுக்க இறுக்கக் கசிவு அதிகமாவதுதான் இதில் புதியவர்களுக்குப் பிடிபடாத விஷயம்: குஷன் நசுங்கினால் உப்ப முடியாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மூக்குத் தண்டில் சிவந்த தடம் காலை ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் மறையாவிட்டால் அங்கே புண் வரப்போகிறது, அந்தப் புண் ஆறத் தாமதமாகும். உடனே அளவையோ வகையையோ மாற்றுங்கள்.

இரவில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துப் படுப்பவர்களுக்கு: நெற்றியிலும் கன்னத்திலும் வழியும் எண்ணெய் சிலிக்கோன் குஷனை வழுக்கவும் வைக்கும், நாளடைவில் கெடுக்கவும் செய்யும். படுக்குமுன் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, விபூதியையும் துடைத்துவிட்டு மாட்டுங்கள். மூக்கில் விக்ஸ் தடவிக்கொண்டு மாட்டக் கூடாது. காலையில் குஷனைத் துடைப்பது, வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான சோப்பால் கழுவி நிழலில் உலர்த்துவது, இவ்வளவுதான் பராமரிப்பு. ஜிக் போன்ற பிளீச் வேண்டவே வேண்டாம். ஓசோன் கொண்டு சுத்தம் செய்யும் பெட்டிகளையும் வாங்காதீர்கள். நிறுவனமே அவற்றைப் பரிந்துரைக்கவில்லை, உத்தரவாதமும் போய்விடும்.

காந்தக் கொக்கி உள்ள மாஸ்க்குகள் பற்றி 2023 நவம்பரில் ரெஸ்மெட் எச்சரிக்கையைத் திருத்தி வெளியிட்டது. எஃப்20இல் காந்தம் உண்டு. பேஸ்மேக்கர், இன்சுலின் பம்ப், மூளையில் உலோக கிளிப் போன்றவை உங்களுக்கோ, உங்களோடு ஒட்டிப் படுப்பவருக்கோ இருந்தால் காந்தம் இல்லாத மாதிரியைக் கேளுங்கள். காந்தமும் அந்தச் சாதனமும் 15 செ.மீ.க்குள் வரக் கூடாது. இதைக் கடையில் அவர்களாகக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நீங்கள் சொல்லுங்கள்.

அழுத்த அமைப்பில் ஒரே ஒரு குறை. பெட்டியிலிருந்து எடுத்தபடி 4இல் ஆரம்பித்தால் உடல் பருத்தவர்களுக்குக் காற்றே போதவில்லை, மூச்சு முட்டுகிறது என்று தோன்றும். முதல் இரவே கழற்றி எறிபவர்களில் பலருக்கு இதுதான் காரணம். கீழ் எல்லையை 6 அல்லது 7க்கு ஏற்றித் தரச் சொல்லி, கருவியை அமைத்துத் தருபவரிடம் கேளுங்கள். மூச்சை வெளிவிடுவது கஷ்டமாக இருந்தால் ஈ.பி.ஆர். என்ற வசதியை 2 அல்லது 3இல் வைக்கலாம், வெளிமூச்சின்போது அழுத்தம் அந்த அளவு இறங்கும். வயிறு காற்றால் உப்பி ஏப்பம் வந்தால் மேல் எல்லையைக் குறைக்க வேண்டியிருக்கும். ஒன்பது மணிக்கு மேல் பிரியாணியோ, ரொட்டிக்குள் கறிக்குழம்பு நிரப்பிய பன்னி சௌவோ சாப்பிட்டுவிட்டு உடனே படுப்பவருக்கு இந்த உப்புசம் நிச்சயம். படுக்கைக்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்தால் காலைச் சர்க்கரைக்கும் நல்லது.

ஈரப்பதத் தொட்டி 380 மி.லி. டர்பனின் கோடையில் காற்றே ஈரமாக இருப்பதால் ஈரப்பதத்தை 2, 3க்கு மேல் வைக்கத் தேவையில்லை. கூட வைத்தால் குழாயில் தண்ணீர் திரண்டு மூக்கில் சொட்டும். ஜோஹானஸ்பர்க்கின் குளிர்காலம் இதற்கு நேர்மாறு: காற்று காய்ந்து கிடக்கும், 5 அல்லது 6 வேண்டும், சூடேறும் குழாயும் கட்டாயம் வேண்டும். உயரம் பற்றிக் கவலை இல்லை, இந்தக் கருவி தானே ஈடுசெய்துகொள்ளும். எந்த ஊரானாலும் கருவி தலையணையைவிடத் தாழ்வாக இருக்கட்டும். சாம்பிராணி, ஊதுபத்தி ஏற்றும் சாமி அலமாரி படுக்கையறையிலேயே இருந்தால் படுக்க இரண்டு மணி நேரம் முன்பே புகை அடங்கியாக வேண்டும். கருவி இழுப்பது அந்தக் காற்றைத்தான். ஃபில்டரை மாதம் ஒருமுறை பாருங்கள். நிறம் மாறாவிட்டாலும் ஆறு மாதத்தில் மாற்றுங்கள்.

தண்ணீர், காய்ச்சி வடித்தது என்றால் நல்லது. கொதிக்க வைத்து ஆறவைத்த குழாய்த் தண்ணீரும் ஆகும், ஆனால் வெள்ளைப் படிவு வரும். அதற்கு ஒரு பங்கு வினிகருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஊறவைத்துக் கழுவினால் போய்விடும். டோங்காட் பக்கம் 2022 வெள்ளத்துக்குப் பிறகு பட்டதுபோலக் குழாய் வறண்டு டேங்கர் வரும் நாட்களில், அந்தத் தண்ணீரையும் ஜோஜோ தொட்டி மழைநீரையும் நேராக ஊற்றாதீர்கள். மீதித் தண்ணீரை தினமும் காலையில் கொட்டிவிட வேண்டும். தொட்டியில் தண்ணீரோடு கருவியைத் தூக்கி வேறு இடத்தில் வைப்பதுதான் இதைப் பழுதாக்கும் சுலபமான வழி. தண்ணீர் சாய்ந்து மோட்டாருக்குள் போய்விடும்.

மின்சாரம். 2024 மார்ச்சுக்குப் பிறகு லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு பெரிதும் தணிந்தாலும், 2025 தொடக்கத்தில் திரும்பி வந்ததை மறக்க முடியாது. கேபிள் திருட்டும் துணைமின்நிலையப் பழுதும் எப்போதும் உண்டு. இரவில் மின்சாரம் போனால் ஆபத்து இல்லை. முழு மாஸ்க்கில் மூச்சு முட்டாமலிருக்க ஒரு வால்வு தானே திறக்கும். மூக்கு மாஸ்க் என்றால் வாய் இருக்கிறது. ஆனால் அந்த மணிகளின் சிகிச்சை போய்விடும். பேட்டரி வாங்குபவர் முதலில் செய்ய வேண்டியது, ஈரப்பதத்தையும் குழாய்ச் சூட்டையும் அணைத்துவிட்டு மின் செலவை அளப்பது. சூடேற்றும் பகுதிதான் பெரும்பங்கை விழுங்குகிறது; அதை அணைத்தால் சிறிய பேட்டரியே ஓர் இரவு தாங்கும். இன்வர்ட்டர் வழியாக 230 வோல்ட்டுக்கு ஏற்றி மறுபடி இறக்குவதைவிட, 12 வோல்ட்டிலிருந்து 24க்கு மாற்றும் நிறுவனத்தின் டி.சி. வயர் வீணடிப்பைக் குறைக்கும். மின்சாரம் திரும்பும் நொடியில் வரும் வீச்சுதான் அடாப்டர்களைக் கொல்கிறது, சர்ஜ் பிளக் இல்லாமல் செருகாதீர்கள். பழைய ஏர்சென்ஸ் 10 வீட்டில் இருந்தாலும் அதன் அடாப்டர், சூட்டுக் குழாய், தொட்டி, ஃபில்டர் எதுவும் 11க்குப் பொருந்தாது.

காலையில் பார்க்க வேண்டியவை மூன்று எண்கள்: மணி நேரம், கருவி மாட்டிய பிறகும் மீதியிருக்கும் ஏ.எச்.ஐ., கசிவு. ஏ.எச்.ஐ. 5க்குக் கீழே வர வேண்டும். கசிவு நிமிடத்துக்கு 24 லிட்டரைத் தாண்டினால் மற்ற எண்களை நம்ப முடியாது. கசிவு இல்லாமலே ஏ.எச்.ஐ. இறங்கவில்லை என்றால், அறிக்கையில் அடைப்பில்லாத மூச்சுநிறுத்தங்கள் (தொண்டை திறந்திருந்தும் மூளை மூச்சுவிடச் சொல்லாததால் நிற்பவை) இருக்கின்றனவா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இதயத் தளர்ச்சி உள்ளவர்களிடமும் கோடீன் கலந்த வலிமாத்திரை தொடர்ந்து போடுபவர்களிடமும் அது காணப்படும். அழுத்தத்தை ஏற்றுவது அதற்குத் தீர்வாகாது.

சர்க்கரை பக்கம் முதலில் தெரிவது பெரும்பாலும் சிறுநீர்தான். மூச்சடைப்பின்போது இதயம் விரிந்து சுரக்கும் ஒரு ஹார்மோன் சிறுநீரகத்தை வேலை வாங்குவதால்தான் பலர் இரவில் மூன்று நாலு முறை எழுகிறார்கள். சிகிச்சையில் அது குறையும். குறையாவிட்டால் சர்க்கரை உயர்ந்திருக்கிறதா, சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை காரணமா என்று பாருங்கள். காலைத் தலைவலியும் வியர்வையும் மூச்சடைப்பாலும் வரும், இரவில் சர்க்கரை தாழ்வதாலும் வரும். இன்சுலினோ கிளிபென்கிளமைடு, கிளிக்கிளசைடு வகை மாத்திரையோ எடுப்பவர்கள் அதிகாலை மூன்று மணிக்கு ஒருமுறை குத்திப் பார்த்துவிடுவது நல்லது. புரட்டாசி விரதத்தில் சாப்பாட்டு நேரம் மாறும்போது இது இன்னும் அவசியம்.

மெடிக்கல் எய்ட், அதாவது மருத்துவக் காப்பீட்டு விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. இரண்டாம் வகைச் சர்க்கரை கட்டாயமாக ஏற்க வேண்டிய நாட்பட்ட நோய்களின் பட்டியலில் இருக்கிறது, தூக்க மூச்சடைப்பு அதில் இல்லை. எனவே கருவிச் செலவு உங்கள் திட்டத்தின் உபகரண வரம்பிலிருந்துதான் வரும். வாங்குமுன் எழுத்தில் ஒப்புதல் பெறுங்கள். விலைப்பட்டியலில் கருவி, மாஸ்க், சூட்டுக் குழாய் தனித்தனியாக இருக்கட்டும், மாஸ்க்கை மாற்றித் தர எத்தனை நாள் அவகாசம் என்பதும் அதில் இருக்கட்டும். பழைய கருவி மலிவாகக் கிடைக்கிறது என்றால், 2021 ஜூனில் திரும்பப்பெறப்பட்ட ஃபிலிப்ஸ் ட்ரீம்ஸ்டேஷன் வகைகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கலாம். அவற்றில் ஒலிதடுக்கும் பஞ்சு உதிர்ந்து காற்றில் கலப்பதுதான் பிரச்சினை. வரிசை எண்ணைச் சரிபார்க்காமல் தொடாதீர்கள்.

வாங்க வேண்டாதவர்கள் யார்? ஏ.எச்.ஐ. 5க்குக் கீழே, ஆனால் பன்னிரண்டு மணிவரை தொலைபேசியோடு விழித்திருந்து ஐந்து மணிக்கு எழுபவர்கள். 2010இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பு, ஐந்தாறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்குபவர்களுக்குச் சர்க்கரை வரும் வாய்ப்பு 28 சதவீதம் அதிகம் என்றும், நடுவில் விழித்து விழித்துத் தூங்குபவர்களுக்கு 84 சதவீதம் அதிகம் என்றும் காட்டியது. இவர்களுக்கு வேண்டியது தினமும் ஒரே நேரத்தில் எழுவதும், மதியத்துக்குப் பிறகு தேநீர், காப்பியைத் தவிர்ப்பதும், தூக்கமின்மைக்கான நடத்தைச் சிகிச்சையும். மாலையில் சூடாக ஏதாவது குடித்தே ஆக வேண்டும் என்றால் ரூய்போஸ் இருக்கிறது, அதில் காஃபின் இல்லை.

உடல் எடை குறைத்துக்கொண்டிருப்பவர்கள் கருவியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. எடை இறங்க மாதங்கள் ஆகும், ஆக்சிஜன் இன்றிரவே இறங்குகிறது. டிர்செபடைட் ஊசியை 2024 டிசம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. பருமனோடு கூடிய மூச்சடைப்புக்கும் அனுமதித்தது. அதைப் போட்டோ, உணவைக் கட்டுப்படுத்தியோ பத்துக் கிலோ குறைந்தால், கருவி இல்லாமல் ஓர் இரவுப் பரிசோதனையைத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். குறட்டை நின்றுவிட்டது என்று வீட்டில் சொல்வதை மட்டும் வைத்துக் கருவியை அலமாரியில் ஏற்றிவிட வேண்டாம். குறட்டை அடங்கிய பிறகும் ரெம் தூக்கத்தில் மட்டும் மூச்சடைப்பு தங்கிவிடுவது உண்டு.